மூன்றாம் பிறைக்கு ஒரு நூல்

மாசானம் வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கால் கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் சீனியம்மாளுக்கு உறைத்தது. வாடை வரவில்லை.

தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சந்து முனையில் அவன் திரும்பும்போதே, சுண்ணாம்பும் ஊறின தோலும் ஆவாரம்பட்டைச் சாறும் நாள் முழுக்க வழிந்த வேர்வையும் ஒன்றாகக் கலந்த அந்த வாடை அவனுக்கு முன்னால் நடந்து வந்து, அடுப்புப் புகையையும் சாக்கடை நாற்றத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்துவிடும். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிதில் சீனியம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சிரித்தானே தவிரக் கோபப்படவில்லை. வருஷம் போகப் போக, அந்த வாடை பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் பிடிக்காது என்கிற நிலைக்கு அவளே வந்துவிட்டாள். இதைச் சொல்லிச் சொல்லி பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா கேலி பண்ணுவாள்.

சீனியம்மாள் எழுந்து போய் ஆணியில் தொங்கிய சட்டையை முகத்தோடு சேர்த்து அழுத்தினாள். புதுப் பானையில் ஊற்றிய தண்ணீருக்குக்கூட ஒரு மணம் உண்டு. இதில் அதுவும் இல்லை.

“என்ன சீனியம்மா?” என்றான் மாசானம், பின்னாலிருந்து.

அதுவும் புதிதுதான். அவன் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘ஏளா’ என்பான், ரொம்பப் பிரியம் வந்தால் ‘ஏளா சீனி’. ஆனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பேசும்போது நடுவில் இருமவில்லை; அவள் காது அதை மட்டும்தான் கேட்டது.

சீனியம்மாளுக்கு நாட்கணக்கு எல்லாம் நிலாவை வைத்துத்தான். மாட்டுங்கா கடை ஒன்றுக்குக் கைக்குட்டை ஓரம் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அமாவாசையன்று ஊசியைத் தொடமாட்டாள். ஊரில் தச்சரும் கொத்தனாரும் அன்றைக்குக் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஓய்வெடுக்கும்போது ஊசி மட்டும் என்ன பாவம் செய்தது என்பது அவள் கட்சி. அன்று வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்து, சும்மா உட்கார்ந்து, அந்த மாதம் பேசியதையும் பேசாமல் விட்டதையும் மனசுக்குள் புரட்டிப் பார்ப்பாள். பேச்சு வருவதற்குள் காய்ச்சலில் செத்துப்போன மகன் பிச்சையை நினைத்து அழுவதும் அன்றைக்குத்தான். மற்ற நாளில் அழ நேரம் ஏது? மாசானம் வேலை விட்டு வந்து பக்கத்தில் உட்காருவான். பிள்ளையின் கிலுகிலுப்பையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வான்.

மூன்றாம் பிறை வந்ததும் அழுகைக்கு லீவு. தோல் காயப்போடும் பொட்டலுக்குப் போய், கழிமுகத்துப் பக்கம் மேற்கே தெரியும் கீற்றைப் பார்த்து, கட்டியிருக்கும் சேலையில் ஒரு நூலை உருவிக் காட்டி, ‘பழசை எடுத்துக்கோ, புதுசைக் குடு’ என்று சொல்லி ஊதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். திறக்கும்போது நல்ல முகத்தில் விழிக்க வேண்டும். அதற்கென்று மாசானத்தைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பாள். கேட்பது ஒரு புதுச் சேலை. தீபாவளிக்கு எப்படியும் ஒன்று வரத்தான் செய்யும். அதை நிலா கொடுத்ததாகச் சேர்த்துக்கொள்வாள்.

இந்தத் தடவை அவள் சேலை கேட்கவில்லை.

மழை தொடங்கியதிலிருந்து மாசானத்துக்கு இருமல். பிறகு இருமலோடு ரத்தம். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு கெட்டுவிட்டது, சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னார்கள். தொட்டிப் பக்கம் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதை அவர்களிடம் யார் சொல்வது? மூன்றாம் பிறை அன்று மழை விட்டிருந்தது. பொட்டலில் தோல் கட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்து குனிந்து இருமினான். அவள் கை தன் முந்தானைக்குப் போகவில்லை. அவன் சட்டையின் நைந்த ஓரத்துக்குப் போனது.

“ஏளா, என் சட்டையில எதுக்கு நூலு உருவுத?” என்று அவன் இருமலுக்கு நடுவே கேட்டான்.

“பேசாம நில்லுங்க” என்றாள்.

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதைக்கூட அன்று அவள் பார்க்கவில்லை. பிறையிடம் தெளிவாகப் பெயர் சொல்லிக் கேட்டாள். இந்த மாசானம் பழசாகி ஓய்ந்துபோனார், இவரை எடுத்துக்கோ, புதுசைக் குடு. ஊதினாள். கண்ணை மூடினாள். இருமல் பாதியிலேயே நின்றது, நடுவில் யாரோ வாயைப் பொத்தியதுபோல. கண்ணைத் திறந்தால், அவன் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று வீடு திரும்பித்தான் அவன் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அதன் பிறகு வந்த நாட்களில் சீனியம்மாள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் வயிறாரச் சாப்பிட்டான். மூட்டை தூக்குகிறவனைப்போல நடந்தான். வாடை போனது, முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, படுத்தால் அசையாமல் கிடப்பது எல்லாவற்றுக்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். உடம்பு தேறினால் மனுஷன் மாறத்தான் செய்வான்.

கையைப் பார்த்த அன்றைக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

தட்டில் சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சிமினி விளக்கு வெளிச்சத்தில் அவன் கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு தின்று வெடித்து, தோல் உரிந்து, நடுவிரலில் நகமே இல்லாமல் போன கை அது. இப்போது ஐந்து விரலிலும் நகம் இருந்தது. உள்ளங்கை பச்சைப்பிள்ளையின் கையாக வழவழவென்று, ரேகைகூட ஆழமில்லாமல் இருந்தது. முழங்கைக்குக் கீழே, மாகிம் தர்கா உருஸ் சந்தையில் அவளைக் கூட்டிப்போய் அவள் கண்முன்னாலேயே ‘சீனி’ என்று குத்திக்கொண்ட பச்சையைத் தேடினாள். சுழி கோணலாகப் போய்விட்டதென்று அவள் சண்டை போட்ட பச்சை. அந்த இடத்தில் வெறும் தோல் இருந்தது.

“இங்க குத்தியிருந்த என் பேரு எங்க?” என்று கேட்டாள்.

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். அன்று பொட்டலில் சிரித்த அதே சிரிப்பு. அளவுகூட மாறவில்லை.

அந்த வாரம்தான் யுத்தம் வந்தது. பாகிஸ்தான் விமானம் பம்பாய்க்கு வரும் என்றார்கள். ஊர் முழுக்க பிளாக்கவுட். ஜன்னலில் பழுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். பொழுது சாய்ந்ததும் வார்டன்கள் சந்து சந்தாக வந்து, ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தாலும் ‘பத்தி பந்த் கரோ’, விளக்கை அணை என்று கத்தினார்கள். சங்கு ஊதினால் நாய்கள் ஒன்று சேர்ந்து ஊளையிட்டன. ரயில்கள் விளக்கில்லாமல் போயின. தூரத்தில் இரும்பு இரும்பின்மேல் உரசும் சத்தம் மட்டும் வந்து போயிற்று. ஊரில் அணைக்க முடியாத விளக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அது வளர்ந்துகொண்டே வந்தது.

இருமலை அவள் முதலில் கேட்டது அந்த இருட்டில்தான். வெகுதூரத்தில், கழிமுகத்துப் பக்கம், காற்று திரும்பும்போது மட்டும் கேட்டது. யாருக்கோ முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தாள். மறுநாள் பொட்டலில் கேட்டது. அடுத்த நாள் சந்து முனையில். இரண்டு இருமல், ஒரு இழுப்பு, பிறகு தொண்டையைச் செருமுவது. அந்த ஒழுங்கை அவள் உறக்கத்தில்கூட அடையாளம் சொல்வாள். மழைக்காலம் முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் கேட்ட இருமல் அது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். மாசானம் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது.

பொழுது விடிந்து, குழாயடியில் நஜ்முன்னிசா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டாள்.

“ஒங்க வீட்டு அவியளுக்கு இருமல் இன்னும் விடலியா சீனி? கூரை மேல ஏறி நின்னுல்லா இருமுதாவ. பிளாக்கவுட் நேரத்துல மேல எதுக்கு ஏறணும்? வார்டன் பாத்தா வம்பாயிடும்ளா.”

சீனியம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

பௌர்ணமியன்று சந்து முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெளிச்சம். காகிதம் ஒட்டிய ஜன்னலில் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தலைக்கு மேலே ஓடு ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. கனம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத காலடி. ஓட்டு இடுக்கு வழியாக அந்த வாடை இறங்கியது. சுண்ணாம்பு. ஊறின தோல். ஆவாரம்பட்டை. அவள் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். பயத்தில் இல்லை, ஆசையில். எழுந்து உட்கார்ந்தாள்.

மேலே இருமல். இரண்டு. ஒரு இழுப்பு. பிறகு, ரொம்ப மெதுவாக, “ஏளா.”

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் அவள் கை படுவதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. வழவழப்பான கை. அவன் எழுந்த சத்தமோ நடந்த சத்தமோ அவளுக்குக் கேட்கவில்லை. தலையைத் தூக்கி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காத்து” என்றான்.

அடுத்த நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். தலையணைக்கு அடியிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் ஆட்டினாள். தகரத்துக்குள் மணிகள் உருண்டன. அவன் ஆவலாகக் கை நீட்டி வாங்கி, தானும் ஆட்டிப் பார்த்தான்.

“நல்லா இருக்கு. இது யாரு வீட்டுப் பிள்ளையோடது?” என்று கேட்டான்.

அவள் அதைத் திரும்ப வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிச்சையை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவரை அவளே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். இருமினாலும், ரத்தம் துப்பினாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடந்தவன் அவன்தான். அன்றே முடிவு பண்ணினாள். கொடுத்தது நிலா, திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நிலாதான். அடுத்த மூன்றாம் பிறைக்கு இவன் சட்டையிலிருந்து நூலை உருவி, இவனை எடுத்துக்கொள், என் பழசைக் கொடு என்று கேட்பாள். நோய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் நிலா தேயத் தொடங்கியிருந்தது, இருமலும் கூடவே தேய்ந்தது. கூரையில் கேட்டது சந்து முனைக்குப் போயிற்று. சந்து முனையிலிருந்து பொட்டலுக்கு. அங்கேயும் ஒவ்வொரு நாளும் மெலிந்து, கடைசியில் ஒரு இழுப்பு மட்டும் வந்தது; ஈரத்துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல. அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கைக்குட்டை ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. விரலெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். யுத்தம் நின்றதென்று சந்தில் பட்டாசு வெடித்தார்கள். மெயின் ரோட்டு விளக்குகள் திரும்ப எரிந்தன. அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருட்டுப் பக்கமே உட்கார்ந்திருந்தாள்.

அமாவாசையன்று ஒன்றும் கேட்கவில்லை.

ஊசியைத் தொடாமல், குளித்த தலையை முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூட வரவில்லை. மாசானம் வேலை விட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். அவள் விரல்களைக் கையில் எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததைப் பார்த்தான். அவன் முகத்தில் இரக்கம் இருந்தது, பொய்யில்லை. அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

“ரொம்ப ஓய்ஞ்சு போயிட்ட சீனியம்மா. உனக்கு ஓய்வு வேணும். எதுக்கு இப்படி வானத்தையே பாத்துக்கிட்டு இருக்க?”

“பிறை பாக்கணும்” என்றாள் அவள், வேறு எதையோ நினைத்துக்கொண்டு.

“பாத்தா?”

“நூல் உருவி, பழசை எடுத்துக்கோ புதுசைக் குடுன்னு கேக்கணும். கண்ணை மூடித் தொறக்கணும்.”

“யாருக்காக வேணும்னாலும் கேக்கலாமா?”

“கேக்கலாம்” என்றாள். சொன்ன பிறகு ஏதோ உறுத்தியது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் பிறை மாலையில் அவனே பொட்டலுக்கு அவளோடு வந்தான். அவன் வருவது அவளுக்கு வசதிதான். சட்டை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஈரத் தோல்கள் கம்புகளில் விறைத்துத் தொங்கின. கழிமுகத்துச் சேறு மணத்தது. மேற்கே மேகம். அவள் ஒரு கையை அவன் சட்டை ஓரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். துணி புதிது. மடித்துத் தைத்த ஓரம். நூல் பிடி கொடுக்கவில்லை. நகத்தால் கீறினாள். மேகம் விலகியது. கீற்று தெரிந்தது. இன்னும் நூல் வரவில்லை. ஊசியோடு பிழைக்கிறவள், ஊசி எடுத்து வரவில்லை. பல்லால் கடித்தாவது உருவலாமென்று குனிந்தாள்.

தோளில் சேலை லேசாக இழுபட்டது.

நிமிர்ந்தாள். அவன் விரல்களுக்கு நடுவே ஒரு நூல் இருந்தது. பழுப்பேறிய பச்சை. அவள் முந்தானையின் பச்சை.

“வேண்டாம்” என்றாள்.

“பழசை எடுத்துக்கோ” என்றான் அவன், பிறையைப் பார்த்து. பெயர் சொன்னான். முழுப்பெயர். “புதுசைக் குடு.” ஊதினான். கண்ணை மூடினான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவன் கண்ணைத் திறந்து சிரித்தான். அவளைப் பார்த்து இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து. அதே சேலை, முந்தானை ஓரம் நைந்திருக்கவில்லை. விரலில் புள்ளி இல்லை. கண்ணுக்குக் கீழே கருமை இல்லை.

“வீட்டுக்குப் போவோமா?” என்று கேட்டான்.

“போவோம்” என்றது சீனியம்மாளின் குரல்.

அவர்கள் பொட்டலைத் தாண்டி நடந்தார்கள். சீனியம்மாள் அவர்களுக்குப் பின்னாலேயே ஓடினாள். சந்து முழுக்க விளக்கு. வாசலில் முறம் புடைத்துக்கொண்டிருந்த நஜ்முன்னிசா நிமிர்ந்து, அந்த இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்து, ஏதோ கேலி பேசினாள். சீனியம்மாள் அவள் முன்னால் நின்றாள். நஜ்முன்னிசா முறத்தைத் தட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல் காகிதம் பாதி கிழிந்திருந்தது. அதன் வழியாக உள்ளே தெரிந்தது. அடுப்பு. பாய். அவளைப்போல இருந்தவள் தலையணையை உதறினாள். தகரம் ஒன்று உருண்டு விழுந்தது. எடுத்தாள். ஆட்டினாள்.

“இது யாரு வீட்டுப் பிள்ளையோடது?” என்று கேட்டாள்.

“தெரியல. தூக்கிப் போடு” என்றான் அவன்.

வெளியே, சீனியம்மாளுக்குப் பின்னால், அந்த வாடை. சுண்ணாம்பு. ஊறின தோல். ரொம்ப மெலிந்து. பிறகு ஒரு இழுப்பு, காதுக்குப் பக்கத்தில். ஒரு கை அவள் கையைத் தேடி வந்து பிடித்தது. இதை மட்டும் தொட முடிந்தது. வெடித்த தோல். சதை இல்லை. நடுவிரலில் நகம் இல்லை.

அவள் உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட வாய் திறந்தாள். பெயர் வரவில்லை. இருமல்தான் வந்தது.

உள்ளே அவன் தலையைத் தூக்கி ஓட்டைப் பார்த்தான்.

“காத்து” என்றான்.